சுத்தியல் தழும்பு

பிள்ளைகளே, என் பைக்கின் முன் கார்ட் வலது பக்கம் ஏன் உள்ளே வளைந்திருக்கிறது, ஏன் அதை நிமிர்த்தவில்லை என்று நீங்கள் மூன்று பேரும் மாறி மாறிக் கேட்டிருக்கிறீர்கள். மதகில் இடித்துவிட்டேன் என்று சொல்லி வந்தேன். அது மதகில் இடித்ததில்லை. உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் சின்னவர்களாக இருந்தபோது சொல்லக்கூடிய கதையில்லை. இப்போது சொல்லலாம்.

அவர் பேரை எழுத மாட்டேன். அவர் மனைவி இன்னும் மாத்தளையில்தான் இருக்கிறார். தொழில் தெரிந்த எல்லாரையும் இங்கே பாஸ் என்போம், மேசன் பாஸ், தச்சுப் பாஸ் என்று. ஆனால் எங்கள் வீதியில் வெறுமனே பாஸ் என்றால் அவர் ஒருவரைத்தான் குறிக்கும். சுதுகங்கை ஆற்றுப் பக்கம் இறங்கும் சந்தில், மாமரத்துக்குக் கீழே அவருடைய தகரக் கொட்டகை. மோட்டார் சைக்கிள் விழுந்தால் காலைக் காக்கிற முன் கார்ட், பின்னால் கெரியர், சேலை சக்கரத்தில் மாட்டாமல் இருக்கச் சாரி கார்ட், இவைதான் அவர் வேலை.

அவரிடம் ஒரு குணம் இருந்தது. எதையும் அடித்துப் பார்ப்பார்.

பைக் விற்கிற கடையில் பூட்டிக் கொடுக்கும் கார்ட் பளபளவென்று கண்ணாடி போல இருக்கும். இவர் செய்வது தண்ணீர்க் குழாயில். தடியாக, கறுப்பாக, எருமைக் கொம்பு மாதிரி இருக்கும். பூட்டி முடித்ததும் வண்டிக்காரனைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துவிட்டுப் பெரிய சுத்தியலைத் தூக்கி, கார்டின் வலது வளைவில் முழுப் பலத்தோடு ஓர் அடி போடுவார். புது வண்டி மொத்தமும் உதறும். வண்டிக்காரன் வயிற்றில் அடித்த மாதிரிக் கத்துவான்.

"நீதான் கத்துன. அது கத்துச்சா? நான் அடிச்சு உடையாதத ரோட்டுல எவனும் உடைக்க மாட்டான். எடுத்துட்டுப் போ" என்பார்.

அடி விழுந்த இடத்தில் ஒரு சின்னக் குழி விழும். அதில் பெயின்ட் பூச விட மாட்டார். அந்தத் தழும்பை வைத்து, பஸ்ஸில் இருந்தபடியே இது பாஸ் போட்டது என்று மாத்தளையில் யாரும் சொல்லிவிடலாம்.

இரும்போடு நின்றிருந்தால் ஒன்றுமில்லை. தேத்தண்ணிக் கடையில் வாங்கை ஓர் உதை உதைத்துப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். புதிதாகப் பழகுகிறவன் முதுகில் ஒரு குத்து விடுவார், அவன் திரும்பிச் சண்டைக்கு வந்தால் சந்தோஷப்பட்டுப் பிளேன்டீ வாங்கிக் கொடுப்பார். சிரித்து மழுப்பினால் அதற்கப்புறம் அவனோடு பேச மாட்டார். தம்புள்ளையிலிருந்து மரக்கறி ஏற்றி வந்த லொறி டிரைவர் ஒருவன், சந்தில் நின்ற பைக் ஒன்றை உரசிவிட்டு நிற்காமல் போனான். பாஸ் ஓடிப்போய் பெற்றோல் செட்டில் அவனைப் பிடித்து இறக்கி அடித்த அடியில், அவனுடைய காதிலிருந்து ரத்தம் வந்தது. அந்த பைக் யாருடையது என்றுகூட பாஸுக்குத் தெரியாது.

எண்பத்து மூன்று ஜூலையில் தமிழர் வீடுகளை எரிக்கிற கூட்டம் எங்கள் வீதிக்கு வந்தபோது நாங்கள் எல்லாரும் பின்பக்கத்தால் கொக்கோ மரங்களுக்குள் ஓடினோம். பாஸ் ஓடவில்லை. கொட்டகை வாசலில் அலவாங்குக் கம்பியோடு நின்றார். முதலில் வந்தவன் தினமும் அவரோடு தேத்தண்ணி குடிக்கிறவன், கையில் மண்ணெண்ணெய்ப் போத்தல். பாஸ் அவன் மணிக்கட்டில் போட்டார். எலும்பு முறிந்த சத்தம் கொக்கோத் தோட்டம் வரை கேட்டது என்று சொல்வார்கள், அது பொய்யாக இருக்கலாம். கூட்டம் பின்பக்கம் சுற்றி வந்து கொட்டகையை எரித்துவிட்டது. அவருடைய நெற்றியிலும் ஒரு வெட்டு விழுந்தது. கொஞ்ச நாள் கழித்து அந்தக் கை முறிந்தவன் கட்டுப் பிரித்துக்கொண்டு, எரிந்த கொட்டகைக்கு முன்னால் வந்து தலையைக் குனிந்து நின்றான். பாஸ் அவன் கையைப் பிடித்து இப்படியும் அப்படியும் முறுக்கிப் பார்த்தார். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

"நல்லா கூடியிருக்கு" என்றார் பாஸ். "உக்காரு."

இதையெல்லாம் ஆண்கள் நாங்கள் சிரித்துச் சிரித்துப் பேசுவோம். உங்கள் அம்மா சிரித்ததில்லை. கோயில் குழாயடியில் பாஸின் மனைவி கை கழுவும்போது வளையலுக்கு மேலே கறுப்பும் பச்சையுமாக இருந்ததை அம்மா பார்த்திருந்தாள். ஒரு தடவை இல்லை, பல தடவை. "இரும்ப அடிச்சுப் பாக்குறாரு, சரி. பொம்பளைய எதுக்கு அடிச்சுப் பாக்கணும்? அவங்க என்ன குழாயா?" என்று கேட்டாள்.

அந்த நேரத்தில்தான் நான் பைக் வாங்கினேன். எண்பத்தொன்பதாம் வருஷம். மிளகும் கராம்பும் வாங்கி விற்கிற கடையில் எனக்கு வேலை. கடை பாஸ் மறுபடி கட்டிய கொட்டகைக்கு நேர் எதிரே. மலைப்பக்க ஊர்களுக்குப் போய்ச் சரக்குப் பிடிக்க வேண்டும். ஆனால் பஸ் ஓடாது. சிங்களப் பசங்கள் அரசாங்கத்தைக் கவிழ்க்கக் காட்டுக்குள் போயிருந்தார்கள். இன்று கடை திறக்காதே, நாளை பஸ் ஓட்டாதே என்று அவர்கள் கட்டளை. கேட்காதவனை அவர்கள் சுட்டார்கள். அவர்களைத் தேடி வந்த ஆமி, அகப்பட்டவனை டயரோடு எரித்தது. காலையில் சந்தியில் ரப்பர் நாற்றம் வந்தால் பிள்ளைகளை அந்த வழியாகக் கூட்டிப் போக மாட்டோம். பிணம் மிதந்து வந்த சுதுகங்கையில் குளிக்கிறதை எல்லாரும் விட்டுவிட்டோம். அப்படிப்பட்ட காலத்தில் நான் புது பைக் வாங்கினேன் என்றால், வேறு வழியில்லாமல்தான்.

கார்டையும் கெரியரையும் யார் பூட்டுவது என்று வீட்டில் பேச்சு வந்தது.

"வாங்குற எடத்துலயே பூட்டிருங்க. அந்த ஆளு கை பட்டது நம்ம வீட்டுக்கு வேணாம்" என்றாள் அம்மா.

நானும் சரி என்றேன். கடையிலேயே பூட்டி, வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலுக்குக் கொண்டுபோனோம். பூசாரி மாலை போட்டு, சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார். நான் வண்டியை மெதுவாக உருட்டிப் பழத்தை நசுக்கியதும், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, எண்ணெய்ச் சட்டையோடு பாஸ் வந்தார். யாரையும் பார்க்கவில்லை. அந்தப் பளபளக் கார்டின் மேல் வெறுங்காலால் ஓங்கி ஓர் உதை. கார்ட் மடங்கி என்ஜினில் ஒட்டிக்கொண்டது. மாலை அறுந்து விழுந்தது.

நான் குனிந்து மாலையைப் பொறுக்கினேன். உங்கள் அம்மாதான் முன்னால் வந்தாள். பெரியவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், சின்னவள் இடுப்பில்.

"வீட்டுல அடிக்கிறது பத்தாதுன்னு கோயிலுக்கும் வந்துட்டீங்களா?"

பாஸின் கை பாதி உயர்ந்தது. அவர் அடித்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. கை கீழே இறங்கி, மடங்கிய கார்டை இரண்டு தட்டுத் தட்டியது.

"தங்கச்சி, இதுக்குள்ளதான் ஒம் புருஷன் காலு இருக்கப் போவுது" என்றார். திரும்பிப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் அவளே சொன்னாள். "போய்ப் போட்டுக்கிட்டு வாங்க. காலு இருந்தாத்தான் வீடு. ஆனா அந்த ஆள நம்ம வாசப்படி ஏத்தாதீங்க."

அப்படித்தான் என் வண்டிக்குத் தண்ணீர்க் குழாய் கார்ட் வந்தது. சுத்தியல் விழுந்தபோது நானும் கத்தினேன்.

சில மாதம் ஓட்டியிருப்பேன். ரத்தோட்டைக்கு மேலே ஏறுகிற ரோட்டில், நல்ல பகல் வெளிச்சத்தில், இரண்டு பசங்கள் குறுக்கே வந்தார்கள். ஒருவன் கையில் உள்ளூரில் செய்த கட்டுத் துவக்கு. மற்றவன் தோளில் பள்ளிக்கூடப் பை. பை வைத்திருந்தவன்தான் சிங்களத்தில் மரியாதையாகக் கேட்டான்.

"அண்ணே, சாவியக் குடுங்க. எங்களுக்கு ஒங்க மேல கோவம் இல்ல. பொலிசுக்குப் போனா மட்டும் வீட்டுக்கு வருவோம். ரெண்டும் பொம்பளப் புள்ளதானே?"

மிளகுச் சாக்கை இறக்கி என்னிடமே கொடுத்துவிட்டுப் போனார்கள். அதைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்து வந்தேன். பொலிசுக்குச் சொன்னால் இவர்கள் வருவார்கள். சொல்லாமல் விட்டு அந்த வண்டி ஏதாவது கொலையில் அகப்பட்டால், நான் கொடுத்த வண்டி என்று ஆமி வரும். இரண்டு பக்கமும் ஒரே முடிவுதான். வண்டி கண்டியில் ரிப்பேருக்கு நிற்கிறது என்று முதலாளியிடம் சொன்னேன்.

பாஸ் அதை நம்பவில்லை. கொட்டகைக்குள் கூப்பிட்டார். "என்னத் தவிர எவன் ஒன் வண்டியத் தொடுறான்?" என்றார். நான் இழுத்தேன். பளாரென்று ஓர் அறை. கண்ணில் நீர் வந்துவிட்டது. நடந்ததைச் சொன்னேன்.

அவர் சுத்தியலின் பிடியைத் தடவினார்.

"வேற யாருக்கு சொன்ன?"

"வீட்டுல மட்டுந்தான்."

"எனக்கும் சொல்லல. போ."

அடுத்த மாதமே அது நடந்தது. கூட்டுறவுக் கடை மனேஜர் ஒருவர், அடைக்கச் சொன்ன நாளில் கடையைத் திறந்தார். பைக்கில் வந்த இருவர் அவரைக் கடை வாசலிலேயே சுட்டார்கள். ஆமி விரட்டியதில் வண்டியை ரப்பர் தோட்டத்துக்குள் போட்டுவிட்டு ஓடினார்கள். நம்பர் தகடு இல்லை. என்ஜின் நம்பரை அரத்தால் தேய்த்திருந்தார்கள். அதே மாதிரி வண்டி அந்த வருஷம் மாத்தளையில் எத்தனையோ பேரிடம் இருந்தது. கார்ட் ஒன்றுதான் வேறு.

ஆமிக்காரர்கள் கார்டை மட்டும் அறுத்து எடுத்துக்கொண்டு ட்ரக்கில் வந்தார்கள். நான் எங்கள் கடையில் மிளகுச் சாக்குக்குள் கை விட்டபடி நின்றேன். கை வெளியே வரவில்லை. ஆபீசர் அந்தக் கார்டைக் கொட்டகை வாசலில் போட்டான். பாஸ் குனிந்து எடுத்து, தழும்பைக் கட்டைவிரலால் தடவினார்.

"என்னோடதுதான் மாத்தயா" என்றார் சிங்களத்தில்.

"யாருக்குப் போட்ட?"

"நெறையப் பேருக்குப் போட்டிருக்கேன். மூஞ்சி ஞாபகம் இருக்காது. இரும்புதான் ஞாபகம் இருக்கும்."

"அப்ப இந்த இரும்பப் பத்திச் சொல்லு."

"நல்ல இரும்பு. வண்டி விழுந்திருக்கு, பாருங்க, வளையல."

ஆபீசர் அதை வாங்கி அவர் தோளில் இறக்கினான். பாஸ் ஒரு காலில் மண்டியிட்டு, மறுபடியும் எழுந்தார். இரண்டாவது அடி முழங்காலில். பிறகு பூட்ஸ் கால்கள்தான் தெரிந்தன. அவர் மனைவி கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றார், கத்தவில்லை. ட்ரக்கில் தூக்கிப் போடும்வரை பாஸ் எங்கள் கடைப் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. திரும்பிவிடக் கூடாது என்று கழுத்தை இறுக்கிப் பிடித்திருந்தது எனக்குத் தெரிந்தது.

எப்படியோ வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

"சொல்லிருவாரா?" என்று அம்மா கேட்டாள்.

"தெரியல."

"அடிக்கிற ஆளு அடி தாங்குவாரா?"

பெண்பிள்ளைகள் உங்கள் இருவரையும் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு, உங்கள் மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். நான் ஓடினால் நான்தான் என்று காட்டிக் கொடுத்தது போலாகும். அதனால் தினமும் கடைக்குப் போனேன். ஜீப் சத்தம் கேட்டால் நிறுத்த மிளகைக் கொட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து நிறுப்பேன். சந்தியில் எரிந்து கிடந்தவர்களை, பாஸாக இருக்குமோ என்று நெருங்கிப் போய்ப் பார்த்தேன். முகம் இருக்காது. கையைத்தான் பார்ப்பேன்.

அம்மா மட்டும் சோறு கட்டிக்கொண்டு பாஸின் வீட்டுக்குப் போய் வந்தாள். "அந்தக்கா அழுவல. தரைய மெழுகுறாங்க. நேத்தும் மெழுகுனாங்க, இன்னைக்கும் மெழுகுறாங்க" என்றாள்.

யாரும் என்னைத் தேடி வரவில்லை.

மழை தொடங்கிய பிறகு பாஸை ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டுப் போனார்கள். உயிரோடு திரும்பியவர்கள் கொஞ்சம். அவர் திரும்பினார். நான் பார்க்கப் போனபோது கதிரையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளும் மடியில் கிடந்தன. விரல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் பார்த்தன. அவர்தான் முதலில் பேசினார்.

"அவனுங்களுக்கு அடிக்கவே தெரியலடா. ஒரே எடத்துல அடிச்சுக்கிட்டே இருக்கானுங்க. மடையனுங்க. அடிச்சுப் பாக்குறவன் பத்தவச்ச ஒட்டு எங்க இருக்குன்னு பாத்து அடிக்கணும்."

சிரித்தார். முன்பல் இல்லை.

"அண்ணே, எனக்காக..."

"ஒனக்காகன்னு எவன் சொன்னான்? என் கார்டு ஒடையல. நான் ஒடஞ்சா நல்லாவா இருக்கும்?" என்றவர், அடுப்படிப் பக்கம் முகத்தைத் திருப்பிக் குரலைத் தாழ்த்தினார். "ஒட்டு அவனுங்களுக்குத் தெரியாமப் போச்சு. அவளக் கூட்டியாந்து முன்னால நிறுத்தியிருந்தா ஒன் பேர சொல்லியிருப்பேன். அப்பவே சொல்லியிருப்பேன். தெரிஞ்சுக்க."

அடுப்படியில் பாத்திரம் துலக்கும் சத்தம் நின்றது. கொஞ்சம் கழித்து மறுபடி கேட்டது.

அவர் மனைவி என்னோடு வாசல் வரை வந்தார். சேலைத் தலைப்பு தோளிலிருந்து நழுவியிருந்தது. கையில் பழைய தழும்புகள்தான், புதிது ஒன்றுமில்லை.

"அண்ணன் சொன்னது கேட்டுச்சாக்கா?"

"கேட்டுச்சு." தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "இப்ப வீட்டுல சத்தமில்ல தம்பி. நாந்தான் ஊட்டுறேன். சில நாளு சோறு ஆறுறதுக்கு முந்தியே ஊட்டிப்புடுறேன், வேணும்னுதான். அவரு ஒண்ணுஞ் சொல்றதில்ல. முழுங்கிக்கிறாரு."

அதற்கு அப்புறமும் நான் போனேன். பாஸின் கொட்டகையில் வேறு யாரும் வேலை செய்யவில்லை. வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்து, போகிற வண்டிகளைப் பார்ப்பார். பளபளக் கார்ட் போட்ட பைக் போனால் கால் மட்டும் துடிக்கும். ஒருநாள் அம்மா என்னோடு வந்தாள். மூன்றாவது ஆள் நீ, அப்போது வயிற்றில் இருந்தாய் தம்பி. அவள் பாஸிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நேரே உள்ளே போய் அந்த அக்காவோடு உட்கார்ந்தாள். திரும்பி வரும்போது, "அவரு நம்ம வாசப்படி ஏறலாம்" என்றாள். அவ்வளவுதான். ஆனால் அவர் ஏறவே இல்லை. அடுத்த வருஷம் நெஞ்சில் சளி கட்டிப் போய்ச் சேர்ந்தார்.

அவரை நல்ல மனிதர் என்று எழுதப் பார்த்தேன். அந்த அக்காவின் கை கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது. கெட்டவர் என்றும் எழுத முடியவில்லை, அவர் வாய் திறந்திருந்தால் இதை எழுத நான் உயிரோடு இருந்திருக்க மாட்டேன். நீங்கள் பெரியவர்கள், நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். மகள்களுக்கு ஒன்று மட்டும் சொல்வேன். உங்கள் மேல் ஒருவன் கை வைத்தால், அவன் வேறெங்கே எவ்வளவு நெஞ்சழுத்தக்காரனாக இருந்தாலும், அப்பா வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

கொஞ்ச வருஷம் கழித்து, இப்போது நிற்கிற இந்த பைக்கை வாங்கினேன். கார்ட் யார் பூட்டுவது என்று வீட்டில் யாரும் பேசவில்லை. பாஸ் போன பிறகு பேச ஒன்றுமில்லை. வாங்கிய இடத்திலேயே பூட்டினார்கள், பளபளவென்று. கோயிலில் எலுமிச்சம்பழம் நசுக்கினோம். நீங்கள் மூன்று பேரும் பெற்றோல் டாங்கியில் முகம் பார்த்துச் சிரித்தீர்கள்.

அடுத்து வந்த பௌர்ணமிப் போயா நாளில் கடைகள் எல்லாம் அடைத்திருந்தன. மிளகுக் கடைச் சாவி என்னிடம் இருந்தது. சாக்குகளுக்குப் பின்னால் கிடந்த பெட்டி அடிக்கிற சுத்தியலை எடுத்துக்கொண்டு, வண்டியை எதிர்ச் சந்துக்குள் உருட்டினேன். கொட்டகை இருந்த இடத்தில் ஆமணக்கு முளைத்திருந்தது. மாமரத்து நிழலில் ஸ்டேண்ட் போட்டு நிறுத்தினேன். மண்டியிட்டு உட்கார்ந்து, கார்டின் ஒட்டு எங்கே இருக்கிறது என்று கட்டைவிரலால் தேடினேன். வலது பக்க வளைவுக்குக் கீழே இருந்தது. அங்கே அடித்தேன். ஒரே அடியில் உள்ளே போய்விட்டது.

இரண்டாவது அடிக்கு ஓங்கிய கையை இறக்கினேன். சுத்தியலைத் துடைத்துக் கொண்டுபோய் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, அந்தத் தழும்பை நிமிர்த்த மனமில்லாமல், வளைந்த கார்டோடு வண்டியை வீட்டுக்கு ஓட்டி வந்தேன்.